இன்ஜின் பெரிசு... பிரேக்?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒரு கருத்துக் கட்டுரை)



“மச்சான், எங்க மாமா வீட்ல ஒரு அம்பாசிடர் சும்மா நிக்குதுடா. புதுப்பேட்டைல நல்ல பெரிய இன்ஜினா பாத்து எடுத்து உள்ள இறக்கிட்டோம்னு வச்சுக்கோ, ஹைவேல நம்மள எவனும் முந்த முடியாது!”

இந்த வசனத்தைப் பேசாத, அல்லது பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்காத மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மாணவர் உண்டா? ஹாஸ்டல் மொட்டைமாடியில், கேன்டீன் பெஞ்சில், ஃபிட்டிங் ஷாப்பில் அரம் தேய்த்துக் கை வலிக்கிற நேரத்தில், எங்கும் இதே பேச்சுத்தான். கனவு காண்பதைக் கண்டிக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. கனவே காணாதவன் டிப்ளமோ படித்து என்ன பயன்? ஆனால் இந்தக் கனவில் எப்போதும் ஒரு சாமான் விட்டுப் போகிறது. எத்தனை குதிரைத் திறன், எத்தனை சி.சி., எவ்வளவு ஸ்பீடு என்று விடிய விடியப் பேசுகிறோம். “அது சரிப்பா, பிரேக்குக்கு என்ன பண்ணப் போற?” என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய குடும்பக் காரில் பெரிய இன்ஜின் ஏற்றுகிற வேலை பிரேக்கில் தொடங்கி இன்ஜினில் முடிய வேண்டும். நாம் தலைகீழாகத் தொடங்குகிறோம். ஒழுங்காகப் பிரேக்கில் தொடங்கினால், நம்மில் பாதிப் பேருக்கு இன்ஜினை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது!

கம்பெனிக்காரனே செய்யலையா?

“இன்ஜின் மாத்துறது என்ன புதுசா? கம்பெனிக்காரனே பண்ணினதுதானே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டுக் கார்களின் வரலாற்றைப் புரட்டினால் பாதிக்கு மேல் இன்ஜின் மாற்றிய கதைதான்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி 1950-களின் இறுதியில் பிறந்தது நம் அம்பாசிடர். பல்லாண்டுக் காலம் அதை இழுத்தது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், சுமார் 50 குதிரைத் திறன். பிறகு டீசல் வந்தது. அதன் திறன் 40 குதிரையைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் டாக்ஸிக்காரர்கள் கொண்டாடினார்கள், காரணம் டீசல் விலை. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினை அதே உடம்பில் ஏற்றினார்கள். 75 குதிரைத் திறன். கவனியுங்கள், இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டுக் கை கழுவவில்லை. நாலு கியர் போய் அஞ்சு கியர் வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் தண்டு தரைக்கு இறங்கியது. 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நிற்கும் வரை இப்படி உறுப்பு உறுப்பாக மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள்.

கான்டெஸ்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்தபோது அகலமான, கம்பீரமான உடம்பு. உள்ளே அதே பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின். பயில்வானுக்குப் பச்சைக் குழந்தையின் இதயம் வைத்த மாதிரி! பிறகு இசுசு 1817 சி.சி. இன்ஜின் வந்த பிறகுதான் அந்தக் காருக்கு ஏற்ற உயிர் வந்தது. பிரீமியர் நிறுவனம் 1985-இல் கொண்டு வந்த 118 என்.இ. காரும் இப்படித்தான்: உடம்பு இத்தாலிய ஃபியட் 124, இன்ஜின் ஜப்பானிய நிஸ்ஸான்.

தோற்ற கதையும் ஒன்று உண்டு, அதுவும் நம்ம ஊர்க் கதை. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை வெளியிட்டது. வெளிநாட்டில் வி-8 இன்ஜினெல்லாம் பூட்டி ஓடிய ரோவர் காரின் அழகான உடம்பு. ஆனால் உள்ளே இருந்ததோ பழைய வான்கார்ட் வழி வந்த 1991 சி.சி. நாலு சிலிண்டர் இன்ஜின். உடம்பு ஒரு தலைமுறை, இன்ஜின் வேறு தலைமுறை. 1988-க்குள் உற்பத்தியே நின்றுபோனது.

இந்தக் கதைகள் சொல்லுகிற பாடம் ஒன்றுதான். உடம்பும் இன்ஜினும் பிரேக்கும் ஒரே வீட்டுக்காரர்கள். ஒருத்தரை மட்டும் மாற்றினால் வீட்டில் சண்டை வரும். இத்தனை எஞ்சினியர்களும் சோதனைத் தடங்களும் வைத்திருந்த கம்பெனிகளே இதில் தடுமாறியிருக்கின்றன என்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு செயின் பிளாக்கை மாட்டிக்கொண்டு இறங்குகிற நாம் எந்த மூலைக்கு?

கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

நாம் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதித் தேறியவர்கள். அரியர் வைத்தவர்களும் அந்தச் சூத்திரத்தை மறந்திருக்க மாட்டீர்கள்: இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது.

அஞ்சு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய ஒரு பழைய கார் 1500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 370 கிலோ ஜூல். 110 கி.மீ. வேகத்தில் சுமார் 700 கிலோ ஜூல். வேகம் கூடியது 30 கி.மீ.தான், ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பிரேக் போடும்போது அவ்வளவும் வெப்பமாக மாறி அந்தப் பழைய டிரம்மிலும் லைனிங்கிலும்தான் இறங்க வேண்டும். டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். பெடலை மிதிப்பீர்கள், கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. இதைத்தான் ‘பிரேக் ஃபேட்’ என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோம். மலைப்பாதையில் இறங்கும்போது அதன் மதிப்பு இரண்டு மார்க் அல்ல.

தூரத்தையும் பார்த்துவிடுங்கள். நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிற சுமாரான பிரேக் என்று கொண்டால், 80-லிருந்து நிற்க சுமார் 50 மீட்டர் வேண்டும். 110-லிருந்து நிற்க 93 மீட்டர். மாட்டைப் பார்த்துக் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகும் என்றால் அந்த நொடியில் ஓடியதையும் சேர்த்து முறையே 72 மீட்டரும் 124 மீட்டரும். நம்ம ஊர் ரோட்டில் மாடு 124 மீட்டருக்கு அப்பால் நின்று ஹாரன் கேட்டு வழி விடுமா? நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கி என்ன லாபம்? அதிவேகத்தில் முக்கியமான எதிரி காற்று. அதை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்துக்கேற்ப ஏறுகிறது. ஆகவே 50 குதிரையை 75 ஆக்கினாலும் உச்ச வேகம் ஏறத்தாழ 14 சதவீதம்தான் கூடும். செங்கல் மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நின்றால் காற்றுத்தான் ஜெயிக்கும்!

சங்கிலியில் எது பலவீனமோ...

சரி, பிரேக்கை விட்டுவிட்டு மற்றதையும் பார்ப்போம்.

பழைய இன்ஜினின் முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டர், புதியது 150 என்று கொள்ளுங்கள். முதல் கியர் விகிதம் 3.8, டிஃபரன்ஷியல் 4.5 என்றால் முன்பு பின் ஆக்சிலுக்குப் போனது 1710 நியூட்டன் மீட்டர். இப்போது போவது 2565. கிரவுன் வீல், பினியன், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவை. “பிக்கப் எப்படி இருக்கு பாரு!” என்று கிளட்சைப் பட்டென்று விடுகிற அந்தக் கணத்தில்தான் அவை பேசத் தொடங்கும்.

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்க லேத்தில் ஒரு அடாப்டர் பிளேட் கடைந்தால் போதும் என்று நினைக்கிறோம். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கண்ணளவில் பூட்டினால் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் மாசத்துக்கு மாசம் மொய் கேட்கும். இன்ஜினைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறும். இரண்டு முனையிலும் கோணம் சமமாக இல்லாவிட்டால் வண்டி முழுக்க அதிர்வு.

எடைக்கு வருவோம். அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார். முன் ஆக்சிலுக்கு முன்னால் 60 கிலோ கூடுதலாக வைத்தால் முன் சக்கரங்களின் சுமை 60 கிலோவுக்கு மேலேயே கூடும். பின் சக்கரங்களின் சுமை குறையும். மூக்கு தாழும், ஸ்டியரிங் கனக்கும், பலமாகப் பிரேக் போட்டால் பின் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டிய வண்டி எப்படிச் சுழலும் என்பதை மழைநாளில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெப்பமும் உண்டு. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக வெளியேற வேண்டும் என்று படித்தோம். பெரிய இன்ஜின் வந்தாச்சு, ரேடியேட்டர்? அதே பழசு! சித்திரை வெயிலில் ஏ.சி.யும் போட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நின்றால் ஊசி எங்கே போகும்?

எல்லோரும் மறக்கிற ஒரு விஷயத்தைத் தனியே சொல்கிறேன். பெட்ரோல் காரில் பிரேக் சர்வோ இருந்தால், அதற்கு வேண்டிய வெற்றிடம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. டீசல் இன்ஜினில் பொதுவாக அந்த வெற்றிடம் கிடையாது. தனியே வேக்குவம் பம்ப் வேண்டும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே அது இருக்கும். “ஆல்டர்னேட்டர் நம்ம பழசே நல்லா இருக்கு” என்று அதை விட்டுவிட்டால் சர்வோவும் செத்துப் போகும். பெடல் கல் மாதிரி இருக்கும். சோதிப்பது சுலபம்: இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை பெடலை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் சர்வோ உயிரோடு இருக்கிறது. இறங்கவில்லையா? வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இந்த ஒரு வரியை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டால்கூட இந்த மலருக்குக் கொடுத்த காசு வசூல்!

பட்டறை அண்ணன்களின் வாதம்

“புஸ்தகம் படிக்காத அண்ணன்மாரெல்லாம் ஆயிரக்கணக்கில் டீசல் மாத்திக் கொடுக்கலையா? அதெல்லாம் ஓடலையா?” என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். ஓடின. அதை மறுக்கவே மாட்டேன். அந்தக் கைகளுக்கு என் வணக்கம். ஸ்பேனரைப் பிடிக்கும்போதே போல்ட் எவ்வளவு இறுகியது என்று சொல்கிற கை, நமக்குப் பத்து வருஷத்துக்குப் பிறகு வந்தால் அதிகம். அந்த மாற்றங்களின் பின்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அன்றைக்கு இருந்த விலை வித்தியாசத்தில் ஒரு டாக்ஸிக்காரர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள். அன்றைக்கு ஏற்றியது பெரும்பாலும் மெதுவாக ஓடுகிற, சிக்கனமான இன்ஜின். வண்டியின் வேகம் கூடவில்லை. நாம் கனவு காண்பதோ வேகத்துக்கு. மேலும் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்ட பிறகு அந்தப் பழைய லாபக் கணக்கும் கரைந்துவிட்டது. அன்றைக்கு வயிற்றுக்காகச் செய்த வேலையை இன்றைக்கு ‘கெத்து’க்காகச் செய்வதை ஒரே தராசில் வைக்க முடியுமா?

இன்னொன்று. அனுபவம் உள்ள அண்ணன் “இது தாங்காது தம்பி” என்று சொன்னால் அது முப்பது வருஷக் கணக்கு. நமக்கு அந்த முப்பது வருஷம் இல்லை. நம்மிடம் இருப்பது பேனாவும் கால்குலேட்டரும்தான். அதையும் எடுக்காமல் ஸ்பேனரை மட்டும் எடுத்தால், அனுபவமும் இல்லை, படிப்பும் இல்லை என்று ஆகாதா?

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒரு தடவையாவது படியுங்கள். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. சி.சி., இன்ஜின் எண், எரிபொருள் எல்லாம் அந்தச் சான்றில் உள்ளவைதானே? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டிச் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாற, அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் நிபந்தனைகளோடு வழி உண்டு. பேட்டரிக்கும் எடை உண்டு என்பதால் மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

“யாருக்குத் தெரியப் போகுது?” என்பார்கள் சிலர். பானெட்டைத் திறக்காத வரை தெரியாதுதான். விபத்து நடந்தால் திறப்பார்கள். அன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிற கேள்விக்கு வண்டிச் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். இன்ஜினை இறக்கிய நாம் அங்கே இருக்க மாட்டோம். என் மனசை உறுத்துவது இதுதான். பின் சீட்டில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிற பாட்டிக்கும், ஜன்னலில் முகம் வைத்துத் தூங்குகிற குழந்தைக்கும் நாம் என்ன மாற்றினோம் என்று தெரியாது. “படிச்ச பையன் செஞ்சது, நல்லாத்தான் இருக்கும்” என்று நம்பி ஏறியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலாவது, “வண்டி இழுக்கல தம்பி” என்று யாராவது வந்தால், உடனே வேறு இன்ஜினைத் தேடாதீர்கள். கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். நாலு சிலிண்டரையும் பாருங்கள். ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு உட்காராமல் இருக்கலாம், கார்புரேட்டர் அடைத்திருக்கலாம், டைமிங் தவறியிருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம், பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கலாம். நாம் ‘சின்ன இன்ஜின்’ என்று திட்டுவது பல சமயம் நோயாளி இன்ஜின்தான். நோயைத் தீர்த்தால் போதும். ஆளை மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, பெரிய இன்ஜின் ஏற்றியே தீர வேண்டும் என்ற ஆசையா? கல்லூரி கேட்டுக்குள் ஓடுகிற ப்ராஜெக்ட் வண்டியில் ஏற்றுங்கள். ஆசை தீரும், பாடமும் வரும். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் அத்தியாயம் பிரேக்காக இருக்கட்டும். அடுத்து டயர், சஸ்பென்ஷன், குளிரூட்டல், ஆக்சில். இன்ஜின் கடைசி அத்தியாயம். பாடத்திட்டத்தில் இன்ஜினுக்கு ஒரு பேப்பர், சேஸிஸுக்கு ஒரு பேப்பர் என்று பிரித்து எழுதுகிறோம். ரோட்டில் வண்டி எழுதுவது ஒரே பேப்பர்தான், அதில் அரியர் கிடையாது.

மூன்றாவது, நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு என்று ஊர்வலம் போகிறோம், கோஷம் போடுகிறோம். நல்லதுதான். கூடவே இந்த வருஷம் ஒரு நாள், சுற்றுவட்டாரத்துப் பழைய கார்களை அழைத்து இலவசப் பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? பிரேக் ஆயில், லைனிங், டயர், சர்வோ, கம்ப்ரஷன் என்று அஞ்சு சோதனை போதும். ஆசிரியர்கள் மேற்பார்வையில், ஒரு காருக்கு ஒரு தாள். கீழே சோதித்த மாணவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடும்போது கை கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டும்! எஞ்சினியர் என்ற சொல்லுக்கு உள்ள கனம் அதுதான்.

தோழர்களே, வண்டியை ஓட வைப்பது பெரிய வித்தை. சந்தேகமே இல்லை. நினைத்த இடத்தில் நிற்க வைப்பது அதைவிடப் பெரிய வித்தை. அடுத்த தடவை ஹாஸ்டல் மொட்டைமாடியில் யாராவது சி.சி. கணக்கு ஆரம்பித்தால், நீங்கள் முந்திக்கொண்டு பிரேக் கணக்கைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். பதில் தெரியாவிட்டால், இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஸ்பேனர் எங்கேயும் ஓடிப் போகாது!